இன்னொரு புருவம்

என் அக்கா பேசாமல் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அவள் ஆயுளில் பாதி தேறும். ஊமையெல்லாம் இல்லை. வாயைத் திறந்தாளென்றால் எதிரில் நிற்பவர் செருப்பைத் தேட வேண்டியதுதான். ஆனால் அவள் எடுத்துக்கொண்ட தொழிலில் வாய்க்கு வேறு வேலை இருந்தது. பெண்களுக்குப் புருவம் எடுப்பவள் அவள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியைக் கைகளில் முறுக்கி, புருவத்தின் மேல் ஓட்டுவாள். வேண்டாத முடியெல்லாம் சர்சர்ரென்று நூலோடு வந்துவிடும். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் கண்ணை இறுக மூடி, நெற்றித் தோலைத் தன் விரலாலேயே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். ஆக, ஒருத்திக்குக் கண் கிடையாது, இன்னொருத்திக்கு வாய் கிடையாது. இப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எந்த மனுஷியால் பேசாமல் இருக்க முடியும்?

பேசுவார்கள். புருஷனைப் பற்றி, மாமியாரைப் பற்றி, பெண் பார்க்க வந்துவிட்டு ஓடிப்போன மாப்பிள்ளையைப் பற்றி. அக்கா "ம்" மட்டும் கொட்டுவாள். சில வருஷமாக அந்தப் பேச்சில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். நாங்கள் என்றால் முஸ்லிம்கள். போனில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வருவார்கள். உங்கள் ஆட்கள் இப்படியாமே, அப்படியாமே என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். "ஆனா நீங்க அவங்கள மாதிரி இல்லக்கா."

அதற்கும் "ம்"தான். வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டபடியே, கடையில் சொல்ல முடியாமல் விழுங்கியதையெல்லாம் மச்சானிடம் கொட்டித் தீர்ப்பாள். மச்சான் வெல்டிங் வேலை செய்பவர். நாள் முழுக்க நெருப்போடு மாரடித்துவிட்டு வந்தால் வீட்டிலும் நெருப்பு. "இதுல நான் என்னடி பண்ணேன்?" என்று பரிதாபமாகக் கேட்பார். எனக்குச் சிரிப்பு வரும், கோபமும் வரும்.

அக்காவின் கடை நகராட்சிக் கடை வரிசையில் இருக்கிறது. ஒரு வரிசையில் பத்துப் பன்னிரண்டு கடைகள், பெரும்பாலும் எங்கள் ஆட்களுடையவை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு யாரோ ஒருவரின் பார்லரில் தரை பெருக்கப் போனவள், பெருக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். சொந்தக் கடை வைத்தபோது தெருவைப் பார்த்தபடி உள்சுவர் அகலத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று மாட்டினாள். அதற்கு முன்னால் சுழலும் நாற்காலி ஒன்று. மச்சான் செய்து கொடுத்த இரும்பு அலமாரி. கடை திறந்த அன்று அந்த நாற்காலியில் நான்தான் முதலில் உட்கார்ந்து சுற்றினேன். தலையில் குட்டி எழுப்பிவிட்டாள்.

அப்புறம் மீசை வந்தார். மீசை என்பது ஊர் வைத்த பெயர். எங்கள் வார்டு கவுன்சிலர். இது இந்து நாடு, இஷ்டமிருந்தால் இருக்கட்டும் என்று மேடைக்கு மேடை முழங்கும் காவிக் கட்சியின் உள்ளூர்த் தூண். ஒரு நாள் எங்கள் கடை வரிசைக்கு எதிரிலேயே மைக் வைத்து, நம்ம காசு நம்ம கடைக்கே போகட்டும், அவர்கள் கடைப்படி யாரும் ஏறக் கூடாது என்று பேசினார். மறுநாளிலிருந்து கண்ணாடிக்கு எதிரில் இருந்த நாற்காலி காலி.

ஆனால் புருவம் வளராமல் இருக்குமா? மீசை பேசினால் அது நின்றுவிடுமா? கடைக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக ஒரு சந்து உண்டு. அதில் எங்கள் இரும்புக் கதவு. முதலில் ஒருத்தி தட்டினாள். அப்புறம் நாலு பேர். பிறகு ஊரே தட்டியது. அக்கா சரக்கு வைக்கும் பின்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஒற்றை டியூப் லைட் வெளிச்சத்தில் வேலை பார்த்தாள். வருமானத்துக்குக் குறைவில்லை. ஆனால் முன்னால் அந்தச் சுழல் நாற்காலி சும்மாவே கிடந்தது. தினமும் காலையில் அக்கா அதைத் துடைத்து வைப்பாள். யாரும் உட்காரமாட்டார்கள் என்று தெரிந்தும் துடைப்பாள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், பின்வாசல் வாடிக்கையாளர்களில் மீசையின் மனைவியும் ஒருவர். அந்த அம்மாவை அழைத்து வருவதே நான்தான். நான் ஆட்டோ ஓட்டுகிறேன். எனக்குப் போன் வரும். போய் நிற்பேன். ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு, சந்து வழியாகக் கொண்டுபோய் கதவோடு கதவாக நிறுத்துவேன். கண்ணியமான மனுஷி, என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். புருஷன் முன்வாசலில் போட்ட பூட்டுக்குப் பொண்டாட்டி பின்வாசலில் சாவி வைத்திருக்கிறார் என்று நினைத்து எனக்குள்ளே சிரித்துக்கொள்வேன்.

இந்தத் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மீசையால் நிற்க முடியாது. மனைவியை நிறுத்தினார். போஸ்டருக்குப் படம் எடுக்க வேண்டுமென்று அந்த அம்மா அவசரமாகப் போன் செய்தார். சாயங்காலம் ஸ்டூடியோ, அதற்குள் புருவம் எடுத்தாக வேண்டும். நான் கொண்டுபோய் இறக்கிவிட்டுச் சந்திலேயே காத்திருந்தேன். கம்பி வலை போட்ட ஜன்னல் வழியாக உள்ளே பேசுவது எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல ஆரம்பித்தார். வீட்டுக்காரர் மேடையில் பேசுவதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது, அது அரசியல், உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் அவர்களைப் போல் இல்லை. அக்கா "ம்" போட்டாள். இடது புருவம் முடிந்தது. வலது புருவத்தில் நூலை வைக்கப் போகும்போது அந்த அம்மா, ரொம்பப் பிரியமாகவே, இன்னொன்றையும் சொன்னார்.

"நான் ஜெயிச்சதும் இந்தக் கடை வரிசைய காலி பண்ணச் சொல்லித் தீர்மானம் போடப் போறாங்களாம். வார்டு மெம்பர் கையெழுத்து போட்டாப் போதுமாம். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கக்கா. நீங்க எங்க வீட்டுக்கே வந்து எனக்கு எடுத்து விட்டுரலாம்."

 ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அக்காவின் வாயிலிருந்து நூல் விழுந்து கிடந்தது. அவள் தொழில் வாழ்க்கையில் பாதி வேலையில் நூலை விட்டது அன்று ஒரு நாள்தான்.

"கண்ணத் திறங்கம்மா" என்றாள்.

"முடிஞ்சிருச்சா?"

"இல்ல. நானும் நிக்கப் போறேன்."

"எங்க நிக்கப் போறீங்க?"

"எலெக்ஷன்ல."

அந்த அம்மா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். கையால் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னொரு புருவம்?" என்றார்.

"அது ரிசல்ட்டுக்கு அப்புறம்" என்று சொல்லிவிட்டு அக்கா கதவைத் திறந்துவிட்டாள்.

 அந்த அம்மாவை வீட்டில் விடும்வரை ஆட்டோவை எப்படி ஓட்டினேன் என்றே தெரியவில்லை. திரும்பி வந்து, நிஜமாகத்தான் சொன்னாயா என்று அக்காவிடம் கேட்டேன். வேட்புமனு எங்கே கொடுப்பார்கள் என்று அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்.

செய்தி காட்டுத் தீயாகப் பரவியது. முதலில் வீடு தேடி வந்தவர்கள் மீசையின் ஆட்கள் அல்ல, எங்கள் ஆட்கள்தான். பள்ளிவாசல் கமிட்டிப் பெரியவர்கள் சிலர், கூடவே பெரிய கட்சியின் வட்டச் செயலாளர். எங்கள் ஓட்டெல்லாம் காலங்காலமாகப் பெரிய கட்சிக்குத்தான். அவர்களும் ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். அக்கா நின்றால் ஓட்டுப் பிரியும், பிரிந்தால் காவிக் கட்சிதான் ஜெயிக்கும், மனுவை வாபஸ் வாங்கிவிடம்மா என்று பக்குவமாகச் சொன்னார்கள். இந்தக் கணக்கு எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ரிடையர் ஆன பஸ் கண்டக்டரான எங்கள் அப்பா, எங்களுக்கு அத்தா, மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் எப்போதும் உங்களைப் பாதுகாப்போம் என்று செயலாளர் முடித்தார்.

"கடைக்குப் போகாதேன்னு அவர் மைக் வச்சுச் சொன்னாரே, அன்னிக்கு உங்க கட்சி மைக் எங்க இருந்துச்சு?" என்றாள் அக்கா. "பாதுகாத்துப் பாதுகாத்துத்தான் என்னைப் பின்வாசல்ல உக்கார வச்சிருக்கீங்க. நான் என்ன பீரோவுல வச்சுப் பூட்டுற நகையா?"

செயலாளர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பெரியவர்கள் அத்தாவின் முகத்தைப் பார்த்தார்கள். அத்தா நிமிரவே இல்லை. அவர்கள் படியிறங்கித் தெருமுனை திரும்பியதும், "சின்னம் என்ன குடுப்பாங்க?" என்று கேட்டார்.

வாளி. சுயேச்சைகளுக்கு மிச்சமிருந்த சின்னங்களில் எங்களுக்கு வந்தது வாளி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிங்கம், புலி கேட்கவில்லை, கௌரவமாக ஒரு கடிகாரமாவது கொடுத்திருக்கக் கூடாதா? அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. வாளி இல்லாத வீடு ஒன்று காட்டு என்றாள். மச்சான் தகரத்தில் ஆளுயர வாளி ஒன்றைப் பற்றவைத்து என் ஆட்டோவின் தலையில் ஏற்றிவிட்டார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு வார்டையே ரெண்டாக்கினேன். தொண்டை கட்டி, குரல் போய், கடைசியில் ஹாரனாலேயே பிரச்சாரம் செய்தேன்.

இதற்கிடையில் அந்த அம்மாவின் போஸ்டர் ஒட்டினார்கள். கும்பிட்ட கை, பெரிய சிரிப்பு, மேலே ஒரு புருவம் வில், இன்னொரு புருவம் புதர். ஸ்டூடியோக்காரர் பென்சிலால் ஏதோ சரிசெய்ய முயன்றதில் அது இன்னும் மோசமாகி, ஊரைப் பார்த்துச் சந்தேகம் கேட்கிற மாதிரி முகம் அமைந்துவிட்டது. ஆண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெண்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. அந்த இடது புருவம் யார் கை என்று வார்டில் தெரியாதவள் யார்? கடைப்படி ஏறாதே என்றவரின் வீட்டம்மாவே ஏறியிருக்கிறார், அதுவும் பாதி வேலையில் இறங்கியிருக்கிறார். குழாயடியிலும் மொட்டை மாடியிலும் இதே பேச்சு. கண்ணாடியைப் பார்த்துத் தானே எடுத்தது என்று அந்த அம்மா புருஷனிடம் சாதித்துவிட்டாராம்.

ஆனால் பிரச்சாரத்தில் எங்களோடு நடக்க ஆளில்லை. எங்கள் தெருப் பெண்கள் கொஞ்சம் பேர், அத்தா, மச்சான், நான். பின்வாசலில் வந்தவர்கள் யாரும் எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நோட்டீஸ் கொடுத்தால் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். எத்தனை முகங்களை அவள் கையால் சீராக்கியிருப்பாள், ஒருத்திகூட நின்று நாலு வார்த்தை பேசவில்லையே என்று நான் பொருமினேன்.

பிரச்சாரம் முடிகிற நாளில்தான் அது நடந்தது. மீசையின் சொந்தத் தெரு வழியாக ஆட்டோவை ஓட்டிப் போகிறேன். ஒரு வீட்டு வாசற்படியில் ஒரு வாளி. அடுத்த வீட்டில் சுவர்மேல் ஒரு வாளி. மாடிக் கைப்பிடிச் சுவரில் நீலம், சிவப்பு, பச்சை என்று வரிசையாக வாளிகள். எனக்குக் கண்ணெல்லாம் வாளி. மீசையின் ஆட்கள் தெருவில்தான் நின்றார்கள், ஆனால் என்னவென்று கேட்பது? வாசலில் வாளி வைக்காதே என்று யாரைச் சொல்ல முடியும்? பிரேக்கைப் போட்டு அக்காவுக்குக் காட்டினேன்.

"டேய், துணி அலசக் கொண்டு வந்து வச்சிருப்பாங்க. வண்டிய எடு" என்றாள். ஆனால் தெருமுனை வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. உள்ளே பெஞ்சை மறித்துப் போட்டு அதிகாரிகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். முதல் பெட்டி எங்கள் தெரு. அதில் அக்கா முந்தினாள். நான் குதித்தேன், அத்தா சட்டையைப் பிடித்து இழுத்தார். அடுத்த பெட்டிகளில் பெரிய கட்சி ஏறியது, அப்புறம் காவிக் கட்சி ஏறியது, ஏறிக்கொண்டே போனது. மீசையின் ஆட்கள் வெளியே மாலைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். பெரியவர்கள் சொன்ன கணக்கு சரியாகிவிட்டது, ஓட்டைப் பிரித்து எதிரியை ஜெயிக்க வைத்த பழி அக்கா தலையில் விழப் போகிறது, கடைகளும் போகப் போகின்றன.  மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கடைசிப் பெட்டி மீசையின் தெரு. எங்கள் ஆட்கள் பேருக்குக்கூட இல்லாத தெரு. நான் எழுந்து போகப் பார்த்தேன். அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சீட்டைப் பிரித்துப் பிரித்து அதிகாரி குவித்தார். ஒரு குவியல் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. அவர் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினார். வாளி. வாளி. வாளி.  அத்தா என் தோளை நசுக்கிக்கொண்டிருந்தார். அதிகாரி அக்காவின் பெயரைப் படித்து, வெற்றி என்று சொன்னபோது நான் போட்ட சத்தத்தில் மண்டபத்துப் புறாவெல்லாம் பறந்தன. அத்தா, என் வாழ்நாளில் முதல் தடவையாக, என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார். முடியாமல் இரண்டு பேரும் பெஞ்சோடு விழுந்தோம்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கடைசிக் குவியலையே பார்த்தபடி நின்றாள்.

"பாத்தியாடா, ஓட்டையும் பின்வாசல் வழியாத்தான் போட்டிருக்காங்க" என்றாள்.

அன்று மாலை அவள் செய்த முதல் காரியம், மச்சானைக் கூப்பிட்டுக் கடையின் பின்கதவை வெல்டிங் வைத்து அடைக்கச் சொன்னது. மச்சான் யோசித்தார். வர்றவங்களும் வராம போயிருவாங்க என்றார். போகட்டும் என்றாள். தீப்பொறி பறக்கப் பறக்க அந்தக் கதவு நிலையோடு நிலையாக ஒட்டிக்கொண்டது.

கடை வரிசை தப்பியது. அக்காவின் கையெழுத்து இல்லாமல் தீர்மானம் வராது, அவள் போடமாட்டாள். கடைக்காரர்கள் எல்லாரும் வந்து வாழ்த்தினார்கள். ஓட்டுப் பிரியும் என்ற பெரியவர்கள்கூட, அன்றைக்கே எங்களுக்குத் தெரியும் என்றார்கள். வழியில் பார்க்கிற பெண்களெல்லாம் அக்காவின் காதோரம் வந்து, உங்களுக்குத்தான் போட்டேன் என்று கிசுகிசுத்தார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் நிஜமாகவே போட்டிருந்தால், வார்டில் இருக்கிற ஓட்டைவிட அக்கா வாங்கிய ஓட்டு அதிகமாகியிருக்கும். ஆனால் கடைக்கு வந்தவர்கள் சந்துக்குப் போய்ப் பின்கதவைத் தட்டினார்கள். "முன்னாடி வாங்க" என்று அக்கா உள்ளிருந்து குரல் கொடுப்பாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஓட்டுப் போடத் தைரியம் இருந்ததே, இரண்டு படி ஏற இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு, வந்த ஒன்றிரண்டு பேருக்கு வேலை பார்த்தபடி இருந்தாள்.

அப்புறம் ஒரு நாள் பட்டப்பகலில் எனக்குப் போன் வந்தது. மீசை வீட்டம்மா. போய் நின்றேன். அவர் ஏறியதும் பழக்கதோஷத்தில் படுதாவை இறக்கினேன். அந்த அம்மா அதைச் சுருட்டி மேலே கட்டினார்.

"கடைக்கு முன்னாடியே நிறுத்துங்க தம்பி" என்றார்.

 கடைவீதி முழுக்கப் பார்க்கிறது. மீசையின் ஆள் ஒருவர் டீக்கடையில் கிளாஸைக் கையில் பிடித்தபடி குடிக்க மறந்து நிற்கிறார். அந்த அம்மா படியேறினார், கண்ணாடிக்கு எதிரில் இருந்த அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். முடி வளர்ந்து இரண்டு புருவமும் இப்போது ஒரே புதராக இருந்தன.

"பாக்கிய முடிச்சு விடுங்கக்கா" என்றார்.

அக்கா துண்டைப் போர்த்தினாள், பவுடர் தடவினாள், நூலைக் கடித்தாள். நான் வாசலிலேயே நின்றேன். உங்களுக்குத்தான் போட்டேன் என்று சொல்லாத ஒரே ஆள் இவர்தான் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதைகூட வந்துவிட்டது. அந்த அம்மா கண்ணை மூடி, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வீட்டில் நடந்த சண்டையைச் சொன்னார். கடைக்குப் போகாதே என்று மீசை சொன்னாராம், போவேன் என்று இவர் சொன்னாராம்.

"அவர்கிட்ட சொல்லிட்டேன்க்கா, யாரப் பத்தி வேணா பேசிக்கோங்க, அந்தக்கா மட்டும் அவங்கள மாதிரி இல்லன்னு."

அக்கா நூலை வாயிலிருந்து எடுத்தாள். கோபமாக இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நான் அவங்கதாம்மா" என்றாள். "அவங்க எல்லாரும் என்னை மாதிரிதான் இருப்பாங்க."

அந்த அம்மா கண்ணைத் திறந்தார். கண்ணாடி வழியாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து போய்விடுவார் என்று நினைத்து நான் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் எழவில்லை. மறுபடியும் விரலால் நெற்றித் தோலை இழுத்துப் பிடித்தார்.

"சரிக்கா. எடுங்க" என்றார்.

அக்கா நூலை மறுபடியும் பல்லில் வைத்தாள். அந்த அம்மா அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடிக்குள் தெருவே நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.